கரெட் ஏஸ் 250: வளவுக்குத் தாராளம், ஈரமணலுக்கு வேண்டாம்

கைதவறிய மோதிரத்தை உலர்ந்த வளவுக்குள் தேட இந்த மெற்றல் டிற்றெக்டர் (உலோகம் தேடும் கருவி) போதும். ஈரமான கடல்மணலில் சரிவராது. இது 6.5 கிலோஹேர்ட்ஸ் என்ற ஒரே அலைவரிசையில் வேலைசெய்வது. மண்ணுக்கேற்ப நாமே சரிப்படுத்தவும் வழியில்லை. உப்புநீர் ஊறிய மணல் மின்சாரம் கடத்துவதால், காரைநகர்க் கசூரினாக் கடற்கரையில் அலை தொடும் ஓரத்தில் சும்மா சும்மா கத்தும். மேலே காய்ந்த மணலில் அந்தத் தொல்லை இல்லை.

பூட்டும்போது கொயிலின் (தண்டின் அடியில் நிலத்தைத் தேடும் தட்டின்) வயரைத் தண்டோடு இறுக்கிச் சுற்றுங்கள். தளர்ந்து ஆடும் வயரே பொய்ச்சத்தம் தரும். கொயிலைச் சாய்க்கும் அளவுக்கு மட்டும் கீழே கொஞ்சம் விடவேண்டும். நிமிர்ந்து நிற்கையில் கொயில் நிலத்துக்கு 1 அங்குலம் மேலே மட்டமாக நிற்குமாறு தண்டின் நீளத்தை வையுங்கள். பற்றரி, ஏஏ அளவில் 4.

பலர் கோட்டைவிடுவது மோட் தெரிவில்தான், அதாவது எந்த வகைப் பொருளுக்கு ஒலிக்கவேண்டும் என்று தெரிவதில். கொயின்ஸ் மோட் சிகரட் பெட்டித் தாளையும் சோடா டின் வளையத்தையும் ஒதுக்கிவிடும். தங்க மோதிரமும் பெரும்பாலும் அதே எல்லைக்குள்தான் விழும், அதுவும் சேர்ந்து போய்விடும். ஜுவலரி மோட்டில் வைத்து, குப்பையையும் கிண்டத்தான் வேண்டும். மெல்லிய சங்கிலி இன்னும் கஷ்டம்: கண்ணிகள் தனித்தனியே சிறியவை என்பதால் சமிக்ஞை மெலிந்துவிடும், பென்ரனோ கொழுக்கியோதான் காட்டிக்கொடுக்கும்.

யாழ்ப்பாணத்து உரும்பிராய், சுன்னாகப் பக்கத்துச் செம்பாட்டு மண்ணில் இரும்புச் சத்து அதிகம். சென்சிற்றிவிற்றியை (உணர்திறனை) முழுதாக ஏற்றாமல், சத்தம் அடங்கும்வரை ஒவ்வொரு படியாக இறக்குங்கள். தகர வேலிக்குக் கிட்டப் போனாலும் அலறும்.

ஒவ்வொரு வீச்சும் முந்தியதில் பாதியை மூடவேண்டும். ஓரங்களில் கொயிலைத் தூக்கக் கூடாது. அசையாமல் பிடித்தால் ஒலி நின்றுவிடும். இரு திசையிலும் ஒரேமாதிரி ஒலித்தால் கிண்டலாம். ஒரு பக்கம் மட்டும் என்றால் பெரும்பாலும் ஆணி. கொயிலை ஒலித்த இடத்திலிருந்து சற்றுத் தள்ளி வைத்து, பின்பொயின்ற் (சரியான இடம் காட்டும்) பொத்தானை அழுத்திக்கொண்டு, சிலுவைபோல நகர்த்தி நடுவைப் பிடியுங்கள். திரை காட்டும் ஆழம் நாணய அளவுக்குக் கணித்தது, மற்றதற்கு நம்பவேண்டாம்.

ஒலி அகலமாகப் பரவினால் மண்வெட்டியை வைக்காதீர்கள். வெடிக்காத செல்லாகவும் (எறிகணையாகவும்) இருக்கலாம், பொலிசுக்கு அறிவியுங்கள். இது பொழுதுபோக்குக் கருவிதான், மிதிவெடி எச்சரிக்கைப் பலகை நட்ட காணிக்குள் இதை நம்பிக் கால் வைக்கவே கூடாது. கந்தரோடை போன்ற தொல்லியல் இடங்களில் அனுமதியின்றிக் கிண்டுவது குற்றம்.

கொயில் நனையலாம், மேலுள்ள பெட்டி நனையக் கூடாது. மாரியில் அதற்கொரு பொலித்தீன் உறை கட்டிவிடுங்கள்.