பல்கலைக்கழகத்தில் கறுப்பினக் கலை விழா: மேடை நிகழ்ச்சி தொடங்கும் முன்பே போய்விடுங்கள்

என் மகள் படிக்கும் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் நாடகத் துறையும் நடனத் துறையும் சேர்ந்து, பிப்ரவரியில் கறுப்பினத்தவரின் நாடக, நடன மரபுகளுக்காக ஒரு நாள் விழா நடத்துகின்றன. மதியம் நடனப் பயிற்சி வகுப்பு, மாலையில் அரங்கத்தின் முகப்புக் கூடத்தில் ரிங் ஷவுட் (வட்டமாக நகர்ந்து, பாடி, கைதட்டிச் செய்யும் வழிபாடு), அப்புறம் ஏழரை மணிக்குப் பெரிய மேடையில் நிகழ்ச்சி. எல்லாவற்றுக்கும் சேர்த்து டிக்கெட் 20 டாலர், மாணவர்களுக்கு 5 டாலர். நான் ஒரு பரதநாட்டியப் பள்ளியில் நட்டுவாங்கம் செய்கிறவள். எந்த நடனத்தைப் பார்க்கப் போனாலும் என் கண் முதலில் பாதத்துக்குப் போகும், காது தரைக்குப் போகும். இந்த விழாவையும் அப்படித்தான் பார்த்தேன். போய்ப் பாருங்கள் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் மேடை நிகழ்ச்சிக்கு மட்டும் போகிறவர்கள் விழாவின் நல்ல பாதியைத் தவறவிடுவார்கள்.

பிப்ரவரி மாதத்தைத் தேர்ந்தெடுத்ததில் ஒரு பொருத்தம் இருக்கிறது. வரலாற்றாசிரியர் கார்ட்டர் உட்சன் 1926இல் தொடங்கியது ஒரு வாரக் கொண்டாட்டம்தான். அதை முழு மாதமாக்கி 1970இல் கொண்டாடிக் காட்டியவர்கள் ஒஹையோவில் இருக்கும் கென்ட் ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் கறுப்பின மாணவர்களும் ஆசிரியர்களும். நாடு முழுக்க அது பரவியது அதற்குப் பிறகு. அதனால் ஒரு பல்கலைக்கழகம் இதைச் செய்யும்போது ஏனோதானோ என்று செய்யக் கூடாது என்ற எதிர்பார்ப்போடுதான் போனேன். பெரும்பாலும் நன்றாகவே செய்திருந்தார்கள்.

மதிய வகுப்பு கறுப்பின நடனக் கலைஞர் கேத்தரின் டன்ஹாம் உருவாக்கிய பயிற்சி முறையில் நடந்தது. டன்ஹாம் சிகாகோ பல்கலைக்கழகத்தில் மானிடவியல் படித்தவர். 1935இல் ஆய்வு உதவித்தொகையோடு கரீபியத் தீவுகளுக்குப் போனார். ஹெய்ட்டியில் சடங்கு நடனங்களை ஓரமாக நின்று குறிப்பெடுத்ததோடு விடாமல், ஆடுகிறவர்களுக்கு நடுவே போய்த் தானும் ஆடிக் கற்றுக்கொண்டார். அங்கே கற்றதையும் பாலே, நவீன நடனப் பயிற்சிகளையும் சேர்த்து அவர் அமைத்த முறையில் தோள், விலா, இடுப்பு எல்லாம் தனித்தனியாக இயங்கப் பழக வேண்டும். எங்கள் மரபில் நடு உடம்பை நிமிர்த்தி நிறுத்தித்தான் பாடம் ஆரம்பிக்கும். இங்கே முதுகெலும்பு முழுக்க அலை மாதிரி ஏறி இறங்குகிறது. ஓரமாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த என்னையும் ஆசிரியை எழுப்பி வரிசையில் நிறுத்திவிட்டார். பதிவு செய்த இசை கிடையாது. இரண்டு பேர் உட்கார்ந்து மேளம் வாசித்தார்கள். ஆசிரியை வேகத்தைக் கூட்டச் சொல்லி வாய் திறக்கவே இல்லை. ஒரு பார்வை, அவ்வளவுதான், மேளம் மாறிவிடும். கற்றுக்கொடுக்கிறவருக்கும் வாசிக்கிறவருக்கும் அந்தப் புரிதல் வருவதற்கு எத்தனை வருடம் ஆகும் என்று எனக்குத் தெரியும்.

வகுப்பு முடிந்து எல்லாரும் தரையில் உட்கார்ந்திருந்தபோது ஆசிரியை டன்ஹாமைப் பற்றி ஒன்று சொன்னார். ஹெய்ட்டியிலிருந்து வந்த அகதிகளை அமெரிக்கா திருப்பி அனுப்பியதைக் கண்டித்து 1992இல், 82 வயதில், டன்ஹாம் 47 நாள் உண்ணாவிரதம் இருந்தார். இளமையில் தனக்கு நடனம் கொடுத்த மண்ணுக்காக முதுமையில் பட்டினி கிடந்திருக்கிறார். நடன வகுப்பில் இதைச் சொல்லிக்கொடுக்கிற ஆசிரியை கிடைத்தது அந்தப் பிள்ளைகளின் அதிர்ஷ்டம்.

அடுத்தது ரிங் ஷவுட். விழாவிலேயே எனக்கு மிகவும் பிடித்தது இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ஜார்ஜியா, தென் கரோலினா கடலோரத்திலும் அங்குள்ள தீவுகளிலும் வாழும் கல்லா கீச்சி மக்களின், அதாவது அங்கே அடிமைப்படுத்தப்பட்ட ஆப்பிரிக்கர்களின் வழிவந்தவர்களின், மரபு இது. 1739இல் தென் கரோலினாவின் ஸ்டோனோ ஆற்றுப் பக்கம் அடிமைப்படுத்தப்பட்டவர்கள் மேளம் கொட்டி ஆள் திரட்டிக் கிளர்ந்தெழுந்தார்கள். அடுத்த வருடமே அங்கே ஒரு சட்டம் வந்தது. அதில் மேளத்துக்கும் கொம்புக்கும் தடை. மேளத்தைப் பிடுங்க முடிந்தவர்களால் கையையும் காலையும் தரையையும் பிடுங்க முடியவில்லை. கைதட்டலும் கால் உரசலும் தரையில் தட்டும் கம்பும் சேர்ந்து மேளத்தின் வேலையைச் செய்தன. ஜார்ஜியாவின் மக்கின்டாஷ் கவுன்டியில் ஆண்டின் கடைசி இரவில் கூடி இதை விடாமல் நடத்தி வந்த குழு ஒன்றுக்கு 1993இல் தேசிய மரபுக் கலை விருது கிடைத்தது. அந்த ஊர்க்காரர்கள் காப்பாற்றி வைத்திருக்காவிட்டால் இன்று நமக்கு இதைப் பார்க்கவே கொடுத்து வைத்திருக்காது.

அன்றைக்குக் கடலோரத்திலிருந்து ஒரு குழுவை வரவழைத்திருந்தார்கள். மேடையில் ஏற்றாமல் முகப்புக் கூடத்தின் மரத்தரையில் ஆட விட்டது அமைப்பாளர்கள் எடுத்த மிகச் சரியான முடிவு. ஒரு பெரியவர் நாற்காலியில் உட்கார்ந்து துடைப்பக் கம்பு ஒன்றைத் தரையில் செங்குத்தாகக் குத்தித் தாளம் போட்டார். அவர் பக்கத்தில் முதல் பாட்டுக்காரர். பின்னால் பின்பாட்டுக்காரர்கள். நீளப் பாவாடையும் தலைக்கட்டுமாக நான்கு பெண்கள் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் வட்டமாக நகர்ந்தார்கள். பாதம் தரையை விட்டு எழும்பவே இல்லை. உரசிக்கொண்டே போகிறது. ஒரு காலை மற்ற காலுக்குக் குறுக்கே வைத்தால் அது நடனமாகிவிடும், வழிபாட்டில் நடனம் கூடாது என்ற கட்டுப்பாடு அவர்களுக்கு. அந்த எல்லைக்குள் நின்றுகொண்டே முழங்காலிலும் இடுப்பிலும் தோளிலும் எத்தனை பேசுகிறார்கள்!

பின்பாட்டுக்காரர்களின் கைதட்டலைக் கவனித்தேன். மூன்று, மூன்று, இரண்டு. எங்கள் சொல்லில் தகிட, தகிட, தக. எட்டு மாத்திரைக்குள் இப்படி மடங்கி மடங்கி வர, கம்பு மட்டும் அதற்கு அடியில் அசையாமல் நேராகப் போகிறது. என் வாய் தானாக முணுமுணுக்கத் தொடங்கியதை என் மகள் பார்த்துவிட்டாள். "அம்மா, கையைத் தட்டும்மா, எல்லாரும் தட்டுறாங்க" என்றாள். எனக்கு அந்தப் பக்கம் நின்றிருந்த ஒரு கறுப்பினப் பாட்டி என் மணிக்கட்டைப் பிடித்து, "இதுக்கு வந்துட்டு சும்மா நிக்கக் கூடாது கண்ணு" என்ற மாதிரி ஆங்கிலத்தில் சொல்லி, தன் கையால் எனக்குத் தாளம் எடுத்துக்கொடுத்தார். கூடத்தில் இருந்தவர்களில் பாதிப் பேருக்காவது அந்த மாதிரி யாரோ ஒருவர் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். இந்தக் கலைக்கு எதிரில் இருப்பவர் பதில் கொடுக்க வேண்டும். பாடுகிறவர் ஒரு வரியை எறிந்தால் அதைப் பிடித்துத் திருப்பி எறிய ஆள் வேண்டும். அந்த முக்கால் மணி நேரம் கூடம் முழுவதும் பதில் கொடுத்தது.

இதற்கும் மேடை நிகழ்ச்சிக்கும் நடுவே ஒரு கலந்துரையாடல் இருந்தது. கொஞ்சம் நீளம். ஆனால் அதில் கேட்ட இரண்டு செய்திகள் நினைவில் நிற்கின்றன. கறுப்பின மாணவர்கள் பெருமளவில் படிக்கும், வாஷிங்டனில் உள்ள ஹவர்ட் பல்கலைக்கழகத்தின் மாணவர் நாடகக் குழு 1919இலேயே தொடங்கி, 1949இல் நார்வே, ஸ்வீடன், டென்மார்க் வரை போய் நடித்துவிட்டு வந்திருக்கிறது. இன்னொன்று, பிட்ஸ்பர்க் நாடகாசிரியர் ஆகஸ்ட் வில்சனின் முதல் பெரிய வெற்றி 1984இல் யேல் பல்கலைக்கழகத்தோடு இணைந்த அரங்கில் மேடையேறியது. அங்கே அவருக்குக் கை கொடுத்தவர் லாய்ட் ரிச்சர்ட்ஸ், நியூயார்க்கின் பெரிய நாடக அரங்குகளான பிராட்வேயில் நாடகம் இயக்கிய முதல் கறுப்பினத்தவர்.

அந்த ரிச்சர்ட்ஸ் 1959இல் பிராட்வேயில் இயக்கிய 'எ ரெய்சின் இன் தி சன்' நாடகத்திலிருந்துதான் மேடை நிகழ்ச்சி ஆரம்பித்தது. எழுதியவர் லொரெய்ன் ஹான்ஸ்பெரி, பிராட்வேயில் நாடகம் மேடையேறிய முதல் கறுப்பினப் பெண். வெள்ளையர் குடியிருப்பில் வீடு வாங்கும் ஒரு சிகாகோ குடும்பத்தின் கதை. ஹான்ஸ்பெரியின் அப்பாவே அப்படி வீடு வாங்கி, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 1940இல் தீர்ப்பு வந்தது.

மாணவர்கள் எடுத்துக்கொண்ட காட்சி அருமையான தேர்வு. கல்லூரியில் படிக்கும் பெனிதா, நைஜீரிய நண்பன் கொடுத்த உடையைக் கட்டிக்கொண்டு, இசைத்தட்டு போட்டு, தான் பார்த்தே இராத ஒரு ஊரின் நடனத்தை ஆட முயல்வாள். அண்ணன் வால்டர் குடித்துவிட்டு வந்து அவளோடு சேர்ந்துகொண்டு, மேசை மேல் ஏறி, தன்னை ஒரு படைத்தலைவனாக நினைத்துக்கொண்டு முழங்குவான். பகலெல்லாம் ஒரு பணக்காரருக்குக் கார் ஓட்டுகிறவன் அவன். இதை வெறும் வேடிக்கையாக நடித்துக் கைதட்டல் வாங்கிவிடலாம். இங்கே வால்டராக நடித்த மாணவர் மேசையில் ஏறும்வரை எல்லாரும் சிரித்தோம். ஏறி நின்று கையை விரித்ததும் அவர் குரல் கீழிறங்கியது. கால் மட்டும் மேசைப் பலகையில் மெல்லத் தட்டிக்கொண்டே இருந்தது. அரங்கில் சிரிப்பு அப்படியே அடங்கியது. பக்கத்தில் மனைவி ரூத், இஸ்திரிப் பெட்டியைப் பிடித்த கையோடு அவனைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தப் பெண்ணுக்கு அந்த இடத்தில் ஒரு வரி வசனம்கூட இல்லை. பார்வை ஒன்றே போதுமாக இருந்தது. நாடகத் துறையும் நடனத் துறையும் ஒன்றாக உட்கார்ந்து வேலை செய்ததற்கு இந்தக் காட்சியே சாட்சி.

அடுத்து, என்டோசாகே ஷாங்கே எழுதி 1976இல் பிராட்வேக்குப் போன படைப்பிலிருந்து ஒரு பகுதி. ஏழு நிறங்களில் ஏழு பெண்கள், கவிதையும் நடனமும் ஒன்றாகக் கலந்து வரும். இதில் பாதிப் பேர் கவிதையை ஒப்பிப்பதற்கும் உடம்பை அசைப்பதற்கும் இடையே மாட்டிக்கொண்டார்கள். சொல்லும்போது உடம்பு நின்றுவிடுகிறது, ஆடும்போது மூச்சு போய்விடுகிறது. சிவப்பு உடையில் வந்த பெண்ணும் பழுப்பு உடையில் வந்த பெண்ணும் மட்டும் மூச்சை எங்கே எடுக்க வேண்டும் என்று தெரிந்து ஆடினார்கள். மற்றவர்களுக்கு இன்னும் சில வாரப் பயிற்சி கொடுத்திருக்கலாம்.

கடைசியில் ஸ்டெப்பிங். கறுப்பின மாணவர் சகோதரச் சங்கங்கள், சகோதரியர் சங்கங்கள் வளர்த்தெடுத்த கலை இது. இவற்றில் மூத்ததான ஆல்ஃபா ஃபை ஆல்ஃபா 1906இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. மேளம் கிடையாது, பாட்டுக் கருவி எதுவும் கிடையாது. பூட்ஸ் காலும், தொடையிலும் மார்பிலும் தட்டும் கையும், கத்திச் சொல்லும் வாயும்தான் எல்லாம். இந்தக் கலைக்குப் பல்கலைக்கழகம்தான் பிறந்த வீடு, விருந்தாளியாக வந்தது கிடையாது. அந்தப் பிள்ளைகள் நடந்து வரும்போதே அது தெரிந்தது. வரிசையில் பத்துப் பேர், பத்துப் பேருக்கும் ஒரே குதிகால்.

ஆனால் இங்கேதான் எனக்குப் பெரிய குறை. மேடை முழுக்க நவீன நடனத்துக்கான ரப்பர் விரிப்பைப் போட்டிருந்தார்கள். காலுக்கு மெத்தென்று இருக்கும், வழுக்காது, மற்ற நடனங்களுக்குச் சரிதான். ஸ்டெப்பிங்குக்கு அது ஓசையைக் கொன்றுவிடும். பூட்ஸ் விழும் அடி மொத்து மொத்தென்று கேட்டது. அதை ஈடுகட்ட மேடை விளிம்பில் மைக் வைத்து ஒலியைக் கூட்டினார்கள். அதனால் முன்வரிசையில் ஆடியவர்களின் கால் இடியாகவும் பின்வரிசையின் கால் ஒன்றுமில்லாமலும் போயிற்று. முன்னால் ஒருவர் அடிக்கப் பின்னால் இருப்பவர் பதில் அடிப்பதுதான் அதன் உயிர், அந்தப் பதில் எங்கள் காதுக்கு வரவில்லை. ஒரு இடைவேளை விட்டு விரிப்பைச் சுருட்டிவிட்டு ஒட்டுப்பலகை போட்டிருந்தால் போதும். முகப்புக் கூடத்தில் தரையை அவ்வளவு யோசித்துத் தேர்ந்தெடுத்தவர்கள் மேடையில் இதை விட்டுவிட்டது எனக்கு உண்மையிலேயே வருத்தம். நிகழ்ச்சி முடிந்ததும் இதைக் கருத்துப் படிவத்திலும் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

இன்னொன்று, விளக்கம். பார்வையாளர் பதில் சொல்லலாம், கைதட்டலாம், கூப்பிடலாம் என்று மேடை நிகழ்ச்சிக்கு முன்னால் யாரும் சொல்லவில்லை. முகப்புக் கூடத்தில் ஒன்றாகத் தட்டிய அதே ஆட்கள் இருட்டில் நாற்காலியில் உட்கார்ந்ததும் கையைக் கட்டிக்கொண்டார்கள். பின்வரிசை மாணவர்கள் மட்டும் தங்கள் சங்கத்தின் அழைப்புக் குரலைக் கொடுத்தபோது ஆடுகிறவர்களின் முகமே மாறியது. அறிவிப்பாளர் இரண்டு வரி சொல்லியிருந்தால் அரங்கம் முழுவதும் அதைக் கொடுத்திருக்கும்.

கையேடு நன்றாக இருந்தது. ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் ஒரு பக்கம், எந்த ஊர், யாரிடமிருந்து கற்றது என்று தெளிவாகப் போட்டிருந்தார்கள். மேளம் வாசித்தவர்களின் பெயரும் நடனக்காரர்களின் பெயரும் ஒரே அளவு எழுத்தில் இருந்தன. பக்க வாத்தியக்காரியான எனக்கு அது எவ்வளவு நிறைவு!

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். மதிய வகுப்புக்கு இடம் குறைவு, டிக்கெட் வாங்கும்போதே தனியாகப் பெயர் கொடுக்க வேண்டும். வெறுங்காலோடுதான் விடுவார்கள், முழங்காலை மடக்க வசதியான உடை போட்டுக்கொள்ளுங்கள். ரிங் ஷவுட்டுக்கு நாற்காலி வயதானவர்களுக்கு மட்டும்தான், மற்றவர்கள் நிற்க வேண்டும். கம்பு வைத்திருப்பவருக்குப் பக்கவாட்டில் நில்லுங்கள், அதிர்வு காலில் ஏறும். மேடை நிகழ்ச்சிக்கு முன்வரிசை வேண்டாம், அங்கிருந்து பாதம் தெரியாது. ஏழெட்டு வரிசை தள்ளி நடுவில் எடுங்கள், இல்லையென்றால் மாணவர்கள் உட்காரும் பின்வரிசைக்கே போய்விடுங்கள். குழந்தைகளைத் தாராளமாகக் கூட்டிப் போகலாம்.