பெயிண்டுக்கு முந்தைய துரு வேலை: தூத்துக்குடியில் ஓடும் 1999 மாருதி 800, ஒரு நீண்டகால அனுபவம்

பழைய காருக்குப் பெயிண்ட் அடிக்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது எந்த கம்பெனி பெயிண்ட், எவ்வளவு ஆகும் என்றுதான். என்னைக் கேட்டால் பெயிண்டைப் பற்றிக் கடைசியில் பேசினால் போதும். தகரத்தின் உள்பக்கம் எப்படி இருக்கிறது, அதற்கு என்ன செய்யப்போகிறார்கள் என்பதை வைத்துத்தான் அந்த வேலை இரண்டு மழைக்குத் தாங்குமா, பல வருடம் நிற்குமா என்று சொல்ல முடியும். 2018-இல் என் 1999 மாடல் மாருதி 800-க்கு அடியிலிருந்து துரு வேலை பார்த்து முழுப் பெயிண்ட் அடித்தேன். அன்றிலிருந்து வண்டி தூத்துக்குடியிலேயேதான் ஓடுகிறது, நிற்கிறது. எது தாங்கியது, எது தாங்கவில்லை என்று நிதானமாகச் சொல்லும் அளவுக்குக் காலம் ஆகிவிட்டது.

ஒரு பக்கம் கடல், வடக்கிலும் தெற்கிலும் உப்பளம். கொண்டல் (கீழ்காற்று) அடிக்கிற மாதங்களில் காலையில் பானட்டைத் தொட்டால் விரல் பிசுபிசுக்கும். இரும்பும் தண்ணீரும் ஆக்ஸிஜனும் சேர்ந்தாலே துரு வந்துவிடும். உப்பும் சேர்ந்தால் வேகம் பல மடங்கு. காற்றில் இருக்கிற ஈரத்தை உப்பு இழுத்து வைத்துக்கொள்வதால், மழையே இல்லாத நாளிலும் தகரம் ஈரமாகத்தான் இருக்கிறது. 800-இல் தகரத்தின் கனம் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. அதில் கால்வாசியைத் துரு தின்றாலே பலம் போய்விடும்.

இதே வண்டிக்கு 2012-இல் ஒரு முறை பெயிண்ட் அடித்திருந்தேன். ஊரில் வழக்கமாகச் செய்கிற முறைதான்: துருவை உப்புத்தாளால் தேய்த்து, ரெட் ஆக்சைடு பிரைமர் (பெயிண்டுக்கு முன் அடிக்கிற அடிப்பூச்சு) அடித்து, மேலே பட்டி (மேடுபள்ளத்தை நிரப்புகிற பசை) இழுத்து, தண்ணீர் விட்டுத் தேய்த்து, பெயிண்ட். முதல் சில மாதங்கள் கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருந்தது. அடுத்த ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்ததும் ரன்னிங் போர்டிலும் (டோருக்குக் கீழே நீளமாக ஓடுகிற பாகம்) பின் வீல் ஆர்ச்சிலும் (சக்கரத்துக்கு மேல் வளைவு) பெயிண்ட் பொங்க ஆரம்பித்தது. காரணங்கள் எனக்குப் பின்னால்தான் புரிந்தன. கார் பட்டியில் கணிசமான பங்கு டால்க் பவுடர். காய்ந்து இறுகிய பிறகும் அது ஈரத்தை உறிஞ்சும். ரெட் ஆக்சைடு பிரைமரும் ஈரத்தை முழுதாகத் தடுக்காது. வெளியே இவ்வளவு செய்துவிட்டு, தகரத்தின் பின்பக்கத்தை யாரும் தொடவே இல்லை. துரு பின்பக்கத்திலிருந்து தின்றுகொண்டு வந்து, முன்பக்கப் பட்டியைத் தள்ளிவிட்டது.

இன்னொன்றும் உண்டு, கடலோர ஊர்க்காரர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். பட்டறையில் தண்ணீர் விட்டுத் தேய்ப்பது பெரும்பாலும் போர் தண்ணீரில்தான். எங்கள் பக்கம் போர் தண்ணீர் வாயில் வைக்க முடியாத உப்பு. துருவை எடுத்த கையோடு அந்தத் தண்ணீரை ஊற்றித் தேய்த்தால், பெயிண்டுக்கு அடியில் நாமே உப்பை வைத்து மூடுகிறோம் என்றுதான் அர்த்தம். உப்பு படலத்துக்கு அடியில் மாட்டிக்கொண்டால், அது வெளியிலிருக்கும் ஈரத்தைப் பெயிண்ட் வழியாகவே உள்ளே இழுத்துக் கொப்புளம் ஆக்கும். 2018 வேலையில் நான் பிடிவாதமாக நின்ற விஷயங்களில் இது முதலாவது: வண்டிமேல் படுகிற தண்ணீர் மாநகராட்சிக் குழாயில் வருகிற தாமிரபரணித் தண்ணீராகத்தான் இருக்க வேண்டும். தினமும் கேனில் கொண்டுபோய் வைத்தேன்.

வேலையை மாசியில் ஆரம்பித்தோம். மழையும் பனியும் ஓய்ந்திருக்கும், புழுதியைக் கிளப்புகிற மேல்காற்று இன்னும் தொடங்கியிருக்காது. சீட், கார்ப்பெட், டோர் பேட், பம்பர், பீடிங் (கண்ணாடி, கதவு ஓரத்து ரப்பர்) எல்லாவற்றையும் கழற்றினோம். கழற்றாமல் துரு வேலை பார்க்க முடியாது. ஃப்ளோரில் கடைக்காரர்கள் ஒட்டித் தருகிற ரெக்ஸின் மேட்டை உரித்தபோது அதன் அடியிலிருந்த ஸ்பாஞ்சு நனைந்திருந்தது. வெயில் காலம், மழை பெய்து எத்தனையோ நாள் ஆகியிருந்தும் நனைந்திருந்தது. டிரைவர் பக்கம் கால் வைக்கிற இடத்தில் தகரம் விரல் வைத்து அழுத்தினால் அமுங்கியது. அந்த மாதிரி ஸ்பாஞ்சு வைத்த ஃப்ளோரிங்கை இனி எந்தக் காரிலும் போட மாட்டேன்.

எங்கே எவ்வளவு கெட்டிருக்கிறது என்று பார்க்க இரண்டே பொருள் போதும். ஒரு சின்ன காந்தத்தைத் துணியில் சுற்றி பாடி முழுக்க நகர்த்தினால், பட்டி கனமாக இருக்கிற இடத்தில் பிடிப்பு விட்டுவிடும். அப்புறம் ஒரு ஸ்க்ரூ டிரைவரின் கைப்பிடியால் தட்டிக்கொண்டே போனால், நல்ல தகரம் கணீரென்று கேட்கும், துருவேறிய இடம் சத்தமே இல்லாமல் அமுங்கும். இடது ரன்னிங் போர்டில் அப்படித் தட்டிக்கொண்டு போனபோது ஓரிடத்தில் பெயிண்டும் பட்டியுமாக ஒரு துண்டு அப்பளம்போல் நொறுங்கிக் கையோடு வந்தது. உள்ளே பார்த்தால் பெட்டிபோன்ற அந்தக் குழியில் பாதி வரைக்கும் செம்மண்ணும் துருப்பொடியும் சேர்ந்த சேறு. அடியில் தண்ணீர் வடிவதற்குக் கம்பெனியிலேயே விட்டிருந்த ஓட்டைகள், யாரோ எப்போதோ அடித்த அண்டர்கோட்டிங்கில் (வண்டியின் அடிப்பக்கத்துக்கு அடிக்கிற கனமான பூச்சு) அடைபட்டுக் கிடந்தன. டோரில் இறங்குகிற மழைத்தண்ணீரும் வீல் வாரி அடிக்கிற சேறும் உள்ளே வந்து, போக வழியில்லாமல் வருடக்கணக்காக அங்கேயே இருந்திருக்கின்றன. துருவின் ஊற்று அதுதான்.

டிங்கரிங் (பாடியின் தகர வேலை) செய்தவர் வயதில் மூத்தவர், கை சுத்தம். ஆனால் அவரும் முதலில் இப்படித்தான் சொன்னார்: “தம்பி, வெட்டுனா வேலை இழுக்கும். மேல தகடு அடிச்சுப் பட்டி இழுத்துரலாம், ஒண்ணும் தெரியாது.”

“தெரியாதது சரி அண்ணாச்சி. உள்ள இருக்கறது அப்படியே இருக்குமே?”

கொஞ்ச நேரம் வண்டியையே பார்த்துவிட்டு, “இருக்கத்தான் செய்யும்” என்றார். மறுநாள் வெட்டினோம்.

அழுகிய பாகத்தை நல்ல தகரம் வருகிற வரைக்கும் வெட்டி எடுத்து, 20 கேஜ் சி.ஆர். ஷீட்டில் (குளிர்நிலையில் உருட்டிய இரும்புத் தகடு) புதுத் துண்டு மடக்கி வைத்தார். கேஸ் வெல்டிங் வேண்டாம், சிஓடூ வெல்டிங் (கார்பன் டை ஆக்சைடு வாயுவின் காப்பில் கம்பியை உருக்கி ஒட்டுகிற மின் வெல்டிங்) என்று முன்பே பேசியிருந்தேன். கேஸில் சூடு பரவி மெல்லிய தகரம் வளைந்துவிடும், அந்த வளைவை மறைக்கவே பட்டி கூடும். சிஓடூவில் ஓர் அங்குலம் இங்கே, ஓர் அங்குலம் எதிர்ப்பக்கம் என்று மாற்றி மாற்றி வைத்து, சூட்டைச் சேரவிடாமல் முடித்தார். பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டுத்தான் வெல்டிங்கைத் தொட்டார். பின்பக்க வேலைக்கு முன்னால் பெட்ரோல் டேங்க்கையும் இறக்கிவிட்டார். எந்தப் பட்டறையானாலும் இது இரண்டையும் கூட நின்று பாருங்கள்.

ஓட்டை விழாத, மேலாகத் துரு பிடித்த இடங்களுக்கு வேறு முறை. கிரைண்டரில் வயர் கப் பிரஷ் போட்டு உதிர்கிற துருவை எடுத்தோம். இதில் ஒரு கண்கட்டு உண்டு. வயர் பிரஷ் துருவையே மினுமினுப்பாகத் தேய்த்துவிடும், பார்த்தால் சுத்தமான இரும்பு போலத் தெரியும். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் ஊசிமுனை அளவு கறுப்புப் புள்ளிகள் இருக்கும். அவை குழிகள், உள்ளே துருவும் உப்பும் இருக்கின்றன. அவற்றை 80 நம்பர் தாளால் தேய்த்து, நல்ல தண்ணீரில் கழுவி, ஹாட் கன்னால் உடனே காயவைத்து, பாஸ்பாரிக் ஆசிட் கலந்த ரஸ்ட் ரிமூவர் தடவினோம். துருவோடு சேர்ந்து அதை இரும்பு பாஸ்பேட்டாக மாற்றுவதுதான் அதன் வேலை. சொன்ன நேரத்துக்கு மேல் விடக்கூடாது, பின்னால் நன்றாகக் கழுவித் துடைக்க வேண்டும். ஆசிட் மிச்சமிருந்தால் மேலே அடிக்கிற எபாக்சி பிரைமர் ஒட்டாது. துருவைக் கறுப்பாக மாற்றித் தருகிற கன்வெர்ட்டர்களும் கடையில் கிடைக்கின்றன. கை நுழையாத இடத்துக்கு அவை பரவாயில்லை. ஆனால் உதிர்கிற துருவின் மேல் பூசினால் துரு உதிரும்போது அதுவும் சேர்ந்து உதிரும், உப்பை அது ஒன்றும் செய்யாது. பேட்டரி ட்ரேயில் ஆசிட் வடிந்த துரு இருந்தது. அங்கே மட்டும் முதலில் ஆப்பச்சோடா கரைத்து ஊற்றிக் கழுவினோம்.

சுத்தம் செய்த இரும்பை இரவு தாண்ட விடக்கூடாது. எங்கள் ஊர்க் காற்றில் காலைக்குள் மஞ்சள் படிந்துவிடும். அதனால் ஒரு நாளில் எவ்வளவு முடியுமோ அவ்வளவு மட்டும் தேய்த்து, அன்று மாலையே இரண்டு டப்பா கலக்கிற எபாக்சி பிரைமர் அடித்துவிட வேண்டும் என்பது ஒப்பந்தம். எபாக்சிக்கு மேல்தான் பட்டி, அதுவும் மெல்லியதாக. வெறும் இரும்பின் மேல் பட்டி வைக்கவே இல்லை. பட்டி தண்ணீரைக் குடித்தாலும் அது இரும்பை அடையாமல் எபாக்சி தடுத்துவிடும். என் அனுபவத்தில் மொத்த வேலையிலும் அதிகப் பலன் தந்த மாற்றம் இந்த ஒரு வரிசைதான். பட்டியையும் காய்ந்த தாளிலேயே தேய்க்கச் சொன்னேன். தூசி பறக்கும், மாஸ்க் வேண்டும், பெயிண்டர் முகம் சுளிப்பார். சர்ஃபேசருக்குப் (பட்டிக்கு மேல் பரப்பைச் சமனாக்குகிற பூச்சு) பிறகு தண்ணீர்த் தேய்ப்பு, அப்புறம் பி.யூ. (பாலியூரித்தேன்) பெயிண்ட், பழைய சுப்பீரியர் ஒயிட்டே. நிறத்தை மாற்றினால் ஆர்.சி.யில் பதிய வேண்டும், எனக்கு அந்த அலைச்சலும் வேண்டாம், ஆசையும் இல்லை.

பெயிண்ட் காய்ந்து, கழற்றியதையெல்லாம் திரும்ப மாட்டும் முன், ரன்னிங் போர்டு, டோர் அடிப்பாகம், பின் ஃபெண்டர் உள்பக்கம் என்று மூடிய குழிகளுக்குள் நீள டியூப் வழியாக கேவிட்டி வாக்ஸ் (உள்ளே ஒட்டிக்கொண்டு ஈரத்தைத் தடுக்கிற மெழுகு) அடித்தோம். எரியக்கூடிய பொருள் என்பதால் வெல்டிங் எல்லாம் முடிந்த பிறகுதான் அதை எடுக்க வேண்டும். வடிகால் ஓட்டைகளையெல்லாம் சைக்கிள் ஸ்போக் கம்பியால் குத்தித் திறந்துவிட்டோம். இன்றும் ஒவ்வொரு மழைக்காலத்துக்கு முன்னும் அந்தக் கம்பியோடு வண்டிக்கடியில் ஒரு சுற்றுப் போகிறேன்.

சரி, இத்தனை வருடம் கழித்து என்ன நிலை? ரன்னிங் போர்டு இரண்டும் அப்படியே இருக்கின்றன. கடந்த முறை லிஃப்டில் ஏற்றியபோது வடிகால் ஓட்டை வழியாக விரலை விட்டுப் பார்த்தேன், வாக்ஸ் பசையாக ஒட்டிக்கொண்டிருந்தது. டோர்களின் அடிவிளிம்பு, வீல் ஆர்ச், ஃப்ளோர் எல்லாம் சுத்தம். பானட், ரூஃப் போன்ற திறந்த பரப்புகளில் ஒரு புள்ளிகூட இல்லை.

தாங்காத இடங்கள் இரண்டு. டிக்கிக் கதவின் கீழ்விளிம்பில் வெளித்தகரத்தை உள்தகரத்தின் மேல் மடித்து அழுத்தியிருப்பார்கள். அந்த மடிப்புக்குள் பிரஷும் போகாது, தாளும் போகாது. மூன்றாவது மழைக்குப் பின் அங்கே பழுப்பாகக் கசியத் தொடங்கியது. மெல்லிய வாக்ஸை மடிப்புக்குள் ஊறவிட்டு வருகிறேன். கசிவு மட்டுப்பட்டிருக்கிறது, நின்றபாடில்லை. ஒரேயடியாகத் தீர்க்க வேண்டுமானால் கதவையே மாற்ற வேண்டும். இன்னொன்று முன் கண்ணாடியின் இடது கீழ்மூலை. கண்ணாடியை இறக்கினால் உடையலாம் என்று பட்டறையில் தயங்கியதால் பீடிங்கைத் தூக்கிப் பிடித்து வெளியிலிருந்து மட்டும் வேலை பார்த்தார்கள். அதே இடத்தில் பெயிண்ட் பொங்கியிருக்கிறது. பின்பக்கம் பார்த்த இடமெல்லாம் நிற்கிறது, பார்க்காத இடம் போய்விட்டது என்பதற்கு இதைவிட வேறு அத்தாட்சி வேண்டாம்.

செலவில் பாதிக்கு மேல் டிங்கரிங்குக்கும் கழற்றி மாட்டுவதற்குமே போனது. பெயிண்டுக்குக் குறைவுதான். பட்டறை தேடுகிறவர்கள் கம்பெனி பெயரைக் கேட்பதைவிட, பட்டிக்கு அடியில் என்ன அடிப்பீர்கள், எந்தத் தண்ணீரில் தேய்ப்பீர்கள், வெட்டி எடுத்த தகரத்தை எனக்குக் காட்டுவீர்களா என்று கேளுங்கள். பதில் சொல்கிற விதத்திலேயே பாதி தெரிந்துவிடும். துருவின் மேல் கறுப்பு அண்டர்கோட்டிங் அடித்து மூடித் தருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், அது ஈரத்தை உள்ளே பூட்டி வைக்கும்.

முன் சஸ்பென்ஷனின் மேல்முனை பிடித்திருக்கும் இடம், சீட் பெல்ட் போல்ட் இறங்கும் இடம், அடிச்சட்டம், இவற்றில் தகரம் அழுகியிருந்தால் பெயிண்டைப் பற்றி யோசிக்கவே கூடாது. 800-க்குத் தனி சேஸி கிடையாது, பாடிதான் சேஸி. அங்கே ஒழுங்காக வெட்டி வெல்டிங் செய்ய ஆள் கிடைத்தால் செய்யலாம், இல்லையென்றால் வண்டியை விட்டுவிடுவதுதான் உயிருக்கு நல்லது. என் வண்டியில் அந்த இடங்கள் உறுதியாக இருந்ததால்தான் இவ்வளவு செலவுக்கும் துணிந்தேன்.

முன் கண்ணாடியை வருகிற மாசியில் இறக்குவதாக இருக்கிறேன். புது பீடிங் வாங்கி வைத்தாயிற்று. கண்ணாடி உடைந்தால் உடையட்டும், 800-க்கு இன்னும் கிடைக்கிறது.