ஸ்டட்ஸா, டர்ஃப் ஷூவா, கேன்வாஸா? ஃபுட்பால் தொடங்கும் பிள்ளைக்கு எதை வாங்குவது

கடைக்குப் போகும் முன் கோச்சிடம் ஒன்றை மட்டும் கேட்டுவிடுங்கள்: பயிற்சி எந்தத் தரையில் நடக்கிறது? காய்ந்த மண் மைதானமா, செயற்கைப் புல் விரித்த டர்ஃபா, பள்ளிக்கூட சிமெண்ட் தரையா? எந்த ஷூ சரி என்பது அந்தப் பதிலில்தான் இருக்கிறது. கம்பெனிப் பெயரும் நிறமும் அப்புறம்தான். இங்கே ஒப்பிடுபவை எல்லாம் ஐந்து முதல் எட்டு வயதுக்குள், இப்போதுதான் பந்தைத் தொடும் பிள்ளைகளுக்கானவை.

காலுக்கு

கடைக்காரர் முதலில் எடுத்து வைப்பது ஸ்டட்ஸ். பிள்ளையும் அதைத்தான் கேட்கும். பெட்டியில் எஃப்.ஜி. (FG) என்று போட்டிருந்தால் அது இயற்கைப் புல் தரைக்கானது. அடியில் இருக்கும் பெரிய குமிழ்கள் புல் தரைக்குள் இறங்கிப் பிடிப்புக் கொடுக்கும். ஆனால் நம் ஊர் மைதானங்களில் பல வெயிலில் இறுகிப்போன செம்மண். அதில் குமிழ் இறங்காது. பிள்ளையின் எடை முழுவதும் சில புள்ளிகளில் நிற்கும், குதிக்கும்போதெல்லாம் அது உள்ளங்காலிலும் குதிகாலிலும் குத்தும். வளரும் வயதில் குதிகால் எலும்பின் வளர்ச்சிப் பகுதி இன்னும் இறுகியிருக்காது. ஏழெட்டு வயதுக்கு மேல் ஓடியாடும் பிள்ளைகளுக்கு வரும் குதிகால் வலியைக் கடினத் தரையும் மெத்தையில்லாத ஷூவும் அதிகமாக்கும்.

டர்ஃபில் பிரச்சினை வேறு. நீளமான குமிழ், அதிலும் கத்திபோல் தட்டையானது, செயற்கை இழைகளுக்குள் சிக்கிக்கொள்ளும். உடம்பு திரும்பும், கால் திரும்பாது. அந்த முறுக்கு முழுக்கக் கணுக்காலுக்கும் முழங்காலுக்கும் போகும். பல டர்ஃப்களில் ஸ்டட்ஸை அனுமதிப்பதே இல்லை.

டர்ஃப் ஷூ, அதாவது பெட்டியில் டி.எஃப். (TF) என்று போட்டிருப்பது, அடி முழுக்கச் சின்னச் சின்ன ரப்பர் முளைகள் கொண்டது. எடை பரவி விழும். பெரும்பாலானவற்றில் நடுவே மெத்தைப் பொருளும் இருக்கும். செயற்கைப் புல், இறுகிய மண், பொடிக்கல் கிடக்கும் மைதானம் மூன்றையும் சமாளிக்கும். மழையில் சேறான மைதானத்தில் மட்டும் முளைகளுக்கிடையே மண் அடைத்து வழுக்கும். வழவழப்பான சிமெண்டில் தினமும் போட்டால் முளைகள் சீக்கிரம் தேயும்.

சிமெண்டிலும் உள்ளரங்கிலும் மட்டுமே பயிற்சி என்றால் தட்டையான ரப்பர் அடி கொண்ட ஃபுட்சால் (உள்ளரங்கில் ஆடும் ஃபுட்பால் வகை) ஷூதான் சரி. பள்ளிக்குப் போடும் கேன்வாஸ் முதல் இரண்டு மூன்று வாரங்களுக்குப் போதும், பிள்ளைக்கு ஆர்வம் நிற்கிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். அதற்கு மேல் வேண்டாம். விரல் பக்கம் காப்பு இல்லை, பந்தை உதைத்து உதைத்து முன்பக்கப் பசை விட்டு வாய் பிளக்கும். வீட்டில் ரன்னிங் ஷூ இருக்கிறதே என்று அனுப்புவதும் சரியில்லை. அதன் உயர்ந்த குதிகால் நேராக ஓடத் தோதானது, சட்டென்று பக்கவாட்டில் திரும்பும்போது கால் மடங்கிவிடும்.

ஆக, பெரும்பாலான பிள்ளைகளுக்கு டர்ஃப் ஷூ. பயிற்சி எப்போதும் நல்ல புல் மைதானத்தில்தான் என்றால் மட்டும் ஸ்டட்ஸ். அதிலும் குட்டையான, உருண்டைக் குமிழ் உள்ளதாகப் பாருங்கள்.

அளவில்தான் அதிகம் தவறு நடக்கிறது. "வளர்ற பிள்ளை, ரெண்டு சைஸ் பெருசா எடுத்துடலாம்" என்ற கணக்கு ஃபுட்பாலில் பலிக்காது. ஓடி நிற்கும்போது கால் முன்னால் வழுக்கி, கட்டைவிரல் நகம் மோதிக் கறுக்கும். குதிகாலில் கொப்புளம் வரும். ஷூவின் முனை எங்கே முடிகிறது என்று தெரியாமல் பந்தைத் தொடுவதும் தப்பும். கால் சற்று வீங்கியிருக்கும் மாலை நேரத்தில் அளவெடுங்கள். காகிதத்தைச் சுவரை ஒட்டித் தரையில் வைத்து, குதிகால் சுவரில் படும்படி பிள்ளையை நிற்க வைத்து, நீளமான விரலின் நுனியில் கோடு போடுங்கள். இரண்டு காலையும் அளந்து பெரியதை எடுத்துக்கொள்ளுங்கள். அதைவிட ஒரு செ.மீ. வரை கூடுதல் இருக்கலாம், அதற்கு மேல் வேண்டாம். சைஸ் எண் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், லேபிளில் உள்ள செ.மீ. அளவைப் பாருங்கள். கடைக்குப் போகும்போது ஸ்டாக்கிங்ஸும் (நீளமான சாக்ஸ்) ஷின் கார்டும் (முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பைக் காக்கும் தட்டு) கையோடு இருக்கட்டும், அவற்றைப் போட்டுக்கொண்டே ஷூவைப் போட்டுப் பார்க்க வேண்டும். பிறகு ஷூவைக் கையில் வளைத்துப் பாருங்கள். விரல்கள் மடங்கும் இடத்தில் வளைந்தால் நல்லது, நடுவில் மடங்கினால் வைத்துவிட்டு வாருங்கள்.

முடிச்சுப் போடத் தெரியாத பிள்ளைக்கு லேஸைவிட வெல்க்ரோ மேல். செம்மண் அடைத்தால் ஒட்டாது, பழைய டூத்பிரஷ்ஷால் தேய்த்தால் போதும்.

பந்து: மூன்று, நான்கு, ஐந்து

| அளவு | சுற்றளவு | எடை | யாருக்கு |
|---|---|---|---|
| 3 | சுமார் 58–60 செ.மீ. | சுமார் 300–320 கிராம் | 8 வயதுக்குள் |
| 4 | சுமார் 63–66 செ.மீ. | சுமார் 350–390 கிராம் | 8–12 |
| 5 | 68–70 செ.மீ. | 410–450 கிராம் | 13 முதல் |

"ஐந்தாம் நம்பர்தான் ஒரிஜினல், பெரியவனானாலும் ஆடலாம்" என்று வாங்கிக் கொடுப்பவர்கள் ஏராளம். ஆறு வயதுக் காலுக்கு அந்த எடை நகராது. நகர்த்துவதற்காகப் பிள்ளை விரல் நுனியால் குத்தி உதைக்கப் பழகும். பாதத்தின் உள்பக்கத்தால் தட்டிக் கொடுக்கும் பாஸைக் கற்கவேண்டிய வயதில் இந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டால் பிறகு மாற்றுவது பெரும்பாடு. எட்டு வயது வரை 3ஆம் நம்பரே போதும்.

இன்னொரு எச்சரிக்கை: ஃபுட்சால் பந்து பார்க்கச் சிறியதாக இருக்கும். ஆனால் 62–64 செ.மீ. சுற்றளவில் 400–440 கிராம், ஏறக்குறைய 5ஆம் நம்பரின் எடை. சின்னப் பந்து என்று நம்பி எடுத்துவிடாதீர்கள்.

மேலுறையில் இரண்டு வகை. தைத்த, மென்மையான செயற்கைத்தோல் பந்து காலுக்கு இதமானது, புல்லுக்கும் டர்ஃபுக்கும் ஏற்றது. தார் ரோட்டிலும் கற்கள் கிடக்கும் மண்ணிலும் தையல் தேய்ந்து தோல் உரியும். வார்த்த ரப்பர் பந்து கரடுமுரடான தரையைத் தாங்கும், ஆனால் சற்று விறைப்பு, அதிகம் துள்ளும். வீட்டு வாசலில் ஆட ரப்பர் பந்தே வாங்குங்கள், அதைக் கொஞ்சம் காற்றுக் குறைவாக வைத்தால் துள்ளல் அடங்கும்.

வால்வருகே காற்றழுத்தம் அச்சிட்டிருக்கும். குறிப்பிட்ட வரம்பின் கீழ் எல்லை சின்னப் பிள்ளைக்குப் போதுமானது. ஊசியை உலர்ந்தபடி குத்தினால் வால்வு கிழியும், ஒரு சொட்டு கிளிசரின் தடவிக் குத்துங்கள். காற்று நிரப்பிய பந்தை வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டுவைத்தால் காற்று விரிந்து தையல் இழுபடும்.

ஷின் கார்டு

இதில் பேரம் பேச இடமில்லை. ஆட்ட விதிப்படியே கட்டாயம், ஸ்டாக்கிங்ஸுக்குள் மறைந்தும் இருக்க வேண்டும். தேர்வு இரண்டுக்குள்: ஸ்டாக்கிங்ஸுக்குள் செருகும் தட்டு, கணுக்கால் உறையோடு சேர்ந்தது.

செருகும் தட்டு லேசானது, காற்றோட்டமானது. ஆனால் ஒல்லியான காலில் சரிந்து கணுக்காலுக்கு வந்துவிடும், பிள்ளை ஆட்டத்தை விட்டுவிட்டு அதை இழுத்துக்கொண்டே இருக்கும். உறையோடு வருவது நகராது, கணுக்காலுக்கும் காப்பு. புழுக்கம் அதிகம், ஷூவுக்குள் இடத்தையும் அடைக்கும். முதல் வருடத்துக்கு உறை வகையே நல்லது என்பது எங்கள் எண்ணம். வியர்வையில் தோல் அரித்தால் மெல்லிய பருத்தி சாக்ஸை அடியில் போடலாம். அதற்கு மேல் கார்டு, அதற்கு மேல் ஸ்டாக்கிங்ஸ், கடைசியில் ஷூ.

நீளம் பாத மடிப்புக்குச் சற்று மேலே தொடங்கி, முழங்காலுக்கு 5 செ.மீ. கீழே முடிய வேண்டும். நீளம் கூடினால் முழங்கால் மடிக்கும்போது விளிம்பு இடிக்கும்.

உடைக்குச் சாதாரண பாலியஸ்டர் டி-ஷர்ட்டும் அரைக்கால் சட்டையும் போதும். பருத்தி வியர்வையில் நனைந்து கனக்கும்.

அக்கா அண்ணன் போட்ட ஷின் கார்டு விரிசல் இல்லாவிட்டால் தாராளமாகப் போடலாம். ஷூவை மட்டும் கவிழ்த்துப் பாருங்கள். குதிகால் ஒரு பக்கமாகத் தேய்ந்திருந்தால் அது முன்னவரின் நடைக்குப் பழகிவிட்டது, அடுத்த பிள்ளைக்குக் கொடுக்க வேண்டாம். நனைந்த ஷூவுக்குள் பழைய செய்தித்தாளைத் திணித்து நிழலில் காய வையுங்கள், நேர் வெயிலில் பசை விட்டுவிடும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை சுவரோரம் அந்தக் காகிதத்தை மறுபடி வைத்து அளந்துகொள்ளுங்கள்.