பிளே-ஏசியாவில் கேம் வாங்கலாமா? திருகோணமலையில் இருந்து ஓடர் போடுபவர்களுக்கு

பிளேஸ்டேஷன் 4, 5 கேம் டிஸ்க்குகளுக்கு வலயப் பூட்டு கிடையாது. ஹொங்கொங்கில் விற்றதும் அமெரிக்காவில் விற்றதும் எங்கள் வீட்டுக் கொன்சோலில் ஒரே மாதிரி ஓடும். 2002 முதல் ஹொங்கொங்கில் இருந்து விற்றுவரும் ஒன்லைன் கடையான பிளே-ஏசியா எங்களுக்கு உதவுவது அதனால்தான். வெளிவந்து ஓரிரு வருடமாகி விலை இறங்கிய, தனியாளாக விளையாடி முடிக்கிற கேம் என்றால் தயங்காமல் வாங்கலாம். டிஎல்சியை, அதாவது கேமுக்குப் பிறகு தனியாக டவுன்லோட் செய்யும் மேலதிகப் பகுதிகளை, நம்பி வாங்கும் கேம் என்றால் கொஞ்சம் பொறுங்கள்.

விலையைப் பார்க்க முன்னர் பதிப்பைப் பாருங்கள். ஏசியா பதிப்பின் அட்டையில் சீன எழுத்து இருந்தாலும் கேமுக்குள் ஆங்கிலம் இருக்கலாம். அதைப் பொருள் விபரத்தில் எழுதியிருப்பார்கள். ஜப்பான் பதிப்பு பெரும்பாலும் ஜப்பானிய மொழியில் மட்டும் வரும். சில திகில் கேம்களில் இரத்தக் காட்சிகளையும் குறைத்திருப்பார்கள். பிளேஸ்டேஷன் 4 பெட்டியின் முதுகில் பீஎல்ஏஎஸ் என்று இலக்கம் தொடங்கினால் ஆசியப் பதிப்பு, பீஎல்ஜேஎம் அல்லது பீஎல்ஜேஎஸ் என்றால் ஜப்பான் பதிப்பு.

ஆட்கள் அதிகம் ஏமாறுவது கணக்கு விடயத்தில். பிளேஸ்டேஷனின் ஒன்லைன் கணக்குச் சேவையான பிளேஸ்டேஷன் நெட்வேர்க்கின் நாட்டுப் பட்டியலில் இலங்கை இல்லை. அதனால் இங்கே பலர் அமெரிக்கக் கணக்கு வைத்திருக்கிறார்கள். அந்தக் கணக்கில் ஆசிய டிஸ்க் ஓடும், அப்டேட் இறங்கும், ட்ரோபியும் சேரும். ஆனால் பிளேஸ்டேஷனின் அமெரிக்க ஒன்லைன் கடையில் காசு கொடுத்து வாங்கிய டிஎல்சியை அந்த டிஸ்க் ஏற்காது, ஏனென்றால் டிஎல்சி டிஸ்க்கின் வலயத்தோடு பொருந்த வேண்டும். பெட்டிக்குள் வரும் போனஸ் கோட்டும் அப்படித்தான். இதற்கு வழி இருக்கிறது. அதே கொன்சோலில் ஹொங்கொங் கணக்கு ஒன்றைத் திறந்து, கணக்கில் காசு ஏற்றும் ஹொங்கொங் வொலட் கோட் வாங்கி, டிஎல்சியை அந்தக் கணக்கில் எடுங்கள். பிளேஸ்டேஷன் 4 இல் அந்தக் கணக்குக்கு அதைப் பிரதான கொன்சோலாக்கினால், 5 இல் கொன்சோல் பகிர்வை இயக்கினால், உங்கள் பழைய கணக்கிலிருந்தே விளையாடலாம். அமெரிக்க வொலட் கோட்டை ஹொங்கொங் கணக்கில் போட முடியாது; வாங்கும்போது நாட்டை இரண்டு தரம் பாருங்கள்.

அடுத்தது காசு. சுங்கம் வரி போடுவது கேமின் விலைக்கு மட்டுமல்ல, அனுப்பும் செலவும் காப்புறுதியும் சேர்ந்த தொகைக்கு. 25 டொலர் கேம், 8 டொலர் தபால் செலவு என்று வையுங்கள். 33 டொலருக்கு 18% வற் மட்டுமே 6 டொலரைத் தொடும். அதன் மேல் வேறு வரிகளும் வரலாம். கூரியரில் எடுத்தால் வரியைத் தாங்களே கட்டிவிட்டு, சேவைக் கட்டணமும் சேர்த்து உங்களிடம் அறவிடுவார்கள். ஒரு டிஸ்க்குக்கு அது கட்டுப்படியாகாது. பதிவுத் தபால் போதும். அதன் இலக்கம் இரண்டு எழுத்து, ஒன்பது இலக்கம், கடைசியில் ஹொங்கொங்கைக் குறிக்கும் எச்கே என்று இருக்கும். இலக்கம் இல்லாத சாதாரணத் தபால் மலிவுதான், ஆனால் பார்சல் தொலைந்தால் எங்கே நின்றது என்று காட்ட ஒன்றுமே இருக்காது. முகவரியில் 31000 என்ற தபால் குறியீட்டையும் கைபேசி இலக்கத்தையும் விடாமல் எழுதுங்கள். வங்கி அட்டையில் வெளிநாட்டு ஒன்லைன் கொடுப்பனவு திறந்திருக்கிறதா என்று முதலே கேட்டுவையுங்கள்.

நின்டெண்டோ ஸ்விட்ச் கார்டுகளுக்கும் வலயப் பூட்டில்லை. நின்டெண்டோவின் பழைய கொன்சோல்களான 3டிஎஸ், வீ, வீ யூ மூன்றுக்கும் உண்டு, அவற்றுக்கு வெளிநாட்டில் மலிவு பார்க்க வேண்டாம். ஸ்விட்ச் 2 கேம்களில் 'கேம்-கீ கார்ட்' என்று அட்டையின் அடியில் போட்டிருந்தால், கார்டில் இருப்பது வெறும் திறப்புத்தான். முழுக் கேமையும் டவுன்லோட் செய்ய வேண்டும். டேட்டா பெக்கேஜில் ஓடும் வீடுகளுக்கு அது பெரிய செலவு.

பார்சல் வந்ததும் பிரிக்காமல் மெதுவாக ஆட்டிப் பாருங்கள். உள்ளே கலகலவென்று சத்தம் கேட்டால் டிஸ்க் பிடியில் இருந்து கழன்றிருக்கிறது, கீறல் விழுந்திருக்கலாம். பிரிப்பதை ஒரே வீடியோவாக எடுங்கள். டிஸ்க்கின் அடிப்பக்கத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, அதே நாளில் முழுதாக இன்ஸ்டோல் செய்து பாருங்கள். பாதியில் நின்றால் அந்த வீடியோவோடும் திரையில் வரும் பிழை இலக்கத்தோடும் கடைக்கு உடனே எழுதுங்கள்.