கல்யாண மேளத்துக்கு டிஜிட்டல் சுருதிப்பெட்டி: வாங்கலாமா?

நாயனம் (நாதஸ்வரம்) வாசிக்கிறவர்கள் யாராவது, பின்னால் சுருதி விடாமல் ஒலிக்க டிஜிட்டல் சுருதிப்பெட்டி வாங்கலாமா, போனில் இருக்கிற ஆப்பே போதுமா என்று யோசித்துக்கொண்டிருந்தால், யோசிக்கவே வேண்டாம், பெட்டியை வாங்குங்கள். காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் பக்கம் கல்யாணம், கோயில் புறப்பாடு என்று எங்கள் செட் போகிற இடமெல்லாம் அதுவும் கூடவே வருகிறது. கம்பெனி பெயர் சொல்லவில்லை, ஏனென்றால் இங்கே சொல்கிற நல்லதும் கெட்டதும் இந்த ரகத்தில் எந்தப் பெட்டிக்கும் பொருந்தும்.

முதல் நல்ல விஷயம், சுருதி அசையாது. முன்னே இருந்த அனலாக் பெட்டிகளில் சூடு ஏறினாலோ கரண்ட் ஏறி இறங்கினாலோ சுருதி மெல்ல நழுவும், கல்யாண வீட்டில் லைனிலிருந்து ஜெனரேட்டருக்கு மாற்றினால் கேட்கவே வேண்டாம். டிஜிட்டலில் உள்ளே இருக்கிற குவார்ட்ஸ் படிகம் கணக்கைப் பிடித்துக்கொள்வதால் அந்தக் கவலை இல்லை. இதேபோல் சுருதி கொடுக்கிற எலக்ட்ரானிக் தம்புராவை 1979-ல் பெங்களூரில் உருவாக்கிய ஜி. ராஜ் நாராயண் பொறியாளர் மட்டுமில்லை, புல்லாங்குழல் வாசிப்பவரும்கூட. வாசிக்கிறவனுக்கு என்ன தேவை என்பது வாசிக்கிறவனுக்குத்தானே தெரியும்.

ஆனால் பெட்டி அசையாது என்பதாலேயே ஒரு சிக்கல் உண்டு, கடைக்காரர்கள் இதைச் சொல்வதில்லை. பெட்டி அப்படியே நிற்கும், நாயனம் நிற்காது. காற்று சூடானால் குழல் வாத்தியத்தின் சுருதி ஏறும், கணக்குப்படி 10 டிகிரிக்குக் கிட்டத்தட்ட 30 செண்ட், அதாவது அரைக்கட்டையில் (சுருதியை அளக்கிற கட்டைக் கணக்கில் ஒரு படி, 100 செண்ட்) மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு. சித்திரை மாத முகூர்த்தத்தில் விடியற்காலை முகப்பில் உட்கார்ந்து இரண்டரைக் கட்டைக்குச் சரியாகச் சேர்த்திருப்போம், திருப்பூட்டு (தாலி கட்டு) முடிந்து வெயில் வளவுக்குள், அதாவது வீட்டு நடு முற்றத்துக்குள், இறங்கும்போது பெட்டியின் அதே இரண்டரை நாயனத்துக்குக் கீழே கிடக்கும். கெண்டையை (சீவாளி மாட்டுகிற சின்ன உலோகக் குழாய்) இழுத்து, வாயில் வைத்து ஊதுகிற சீவாளியை உதட்டில் கொஞ்சம் தளர்த்திப் பிடித்துச் சமாளிக்கலாம்தான், ஆனால் அப்படியே ஒரு மணி நேரம் வாசித்தால் உதடு போய்விடும். அதனால் வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது, சுருதியை இம்மி இம்மியாக ஏற்றி இறக்குகிற நுண் சுருதிக் குமிழ்தான். அரைக்கட்டை அரைக்கட்டையாக மட்டும் தாவுகிற பெட்டி பாட்டு கிளாஸுக்குப் போதும், நமக்கு உதவாது. குமிழும் கொஞ்சம் இறுக்கமாக இருக்க வேண்டும், வேட்டி நுனி பட்டாலே திரும்புகிற குமிழை நான் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது சத்தம். வளவில் இரண்டு தவில் சேர்ந்து கெட்டிமேளம் கொட்டும்போது பெட்டியின் சொந்த ஸ்பீக்கர் பக்கத்தில் இருக்கிறவனுக்கே கேட்காது. லைன் அவுட் (சத்தத்தை வயர் வழியாக வெளியே எடுக்கிற துளை) உள்ள பெட்டியாக வாங்கி, வயரை மைக் செட்காரர் கையில் கொடுத்து, "அண்ணே, சபைக்கு வேண்டாம், எங்க காதுக்குக் கேட்டாப் போதும்" என்று சொல்லி மானிட்டரில் (வாசிக்கிறவர்கள் பக்கம் திருப்பி வைக்கிற ஸ்பீக்கர்) வைத்துக்கொள்ளுங்கள். மட்டமான அடாப்டர் போட்டால் ஸ்பீக்கரில் ஊய் என்று ஒரு இரைச்சல் ஏறும், அது சுருதியோடு சேராமல் தனியாக நின்று தொந்தரவு பண்ணும். குன்றக்குடி மலை அடிவாரத்தில் சாமியோடு நடந்துகொண்டே வாசிக்கும்போது பேட்டரிதான் கதி, அதனால் கழற்றி மாட்டுகிற பேட்டரி உள்ளதாகப் பாருங்கள்.

சரி, போன் ஆப்? வீட்டில் சாதகத்துக்குத் தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள், சத்தமும் நன்றாகவே இருக்கிறது. ப்ளூடூத் ஸ்பீக்கர் தாமதமாகப் பேசும் என்பார்கள், தாளத்துக்கு அது ஆகாது, சுருதிக்கு ஒன்றும் கெட்டுப்போகாது. ஆனால் போனின் சின்ன ஸ்பீக்கரில் கீழ் ஷட்ஜம் (ஸ) வராது. இரண்டு கட்டைக்கு அது சுமார் 147 ஹெர்ட்ஸ், அந்த ஸ்பீக்கர் அவ்வளவு கீழே இறங்காது, அந்த ஸ்வரத்தோடு சேர்ந்து மேலே ஒலிக்கிற கூறுகளைத்தான் கேட்கிறோம். வெயிலில் போன் சூடாகி அணைந்தும் போகும். தாலி ஏறுகிற நேரத்தில் யாராவது கூப்பிட்டால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

பெட்டி வந்தால் ஒத்து, அதாவது சுருதிக்காக ஒரே ஸ்வரத்தை விடாமல் ஊதுகிற குழல், போய்விடும், அதனால் வேண்டாம் என்கிற பெரியவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. நாதஸ்வர மேதை ராஜரத்தினம் பிள்ளையே ஒத்தை விட்டுத் தம்புராவை வைத்துக்கொண்டார் என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஆனால் ஒத்து ஊதித்தான் சின்னப் பையன்கள் மூச்சு விடாமல் ஊதப் பழகினார்கள், பெரியவர் வாசிப்பைப் பக்கத்திலேயே இருந்து கேட்டார்கள், செட்டில் ஒரு பங்கும் வாங்கினார்கள். பெட்டி வந்ததும் அந்தப் பங்கு மிச்சம் என்று கணக்குப் போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. எங்களிடம் கற்றுக்கொள்கிற பிள்ளைகளுக்குப் பெட்டி ஓடிக்கொண்டிருந்தாலும் ஒத்துக்குழல் கையில் கொடுத்துவிடுகிறோம், பங்கும் உண்டு.

இன்னொன்று, இதையும் கோயில்களில் மாட்டியிருக்கிற மின்சார மேளத்தையும் ஒன்றாகப் பேசாதீர்கள். தீபாராதனைக்கு சுவிட்சைப் போட்டதும் மோட்டார் சுற்றி மணியும் முரசும் அடிக்கிறதே, அது மேளக்காரன் நிற்க வேண்டிய இடத்தில் நிற்கிறது. சுருதிப்பெட்டிக்கு வாசிக்க ஒரு ஆள் வேண்டும்.

பழைய பெட்டியை யாராவது விற்றால், வாங்குவதற்கு முன் ஒரு மணி நேரம் ஓடவிட்டு, ஒரு ட்யூனர் ஆப்பை வைத்து ஆரம்பத்திலும் முடிவிலும் ஷட்ஜம் அதே இடத்தில் நிற்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள். பஞ்சமத்தை மத்யமமாக மாற்றிப் போட முடிகிறதா என்றும் பாருங்கள், பஞ்சமம் (ப) இல்லாத ஸ்ரீரஞ்சனி, இந்தோளம் ராகங்களை வாசிக்கும்போது தேவைப்படும்.