பிரேக்நெக்கா, சாதாரண டிரெய்லரா? டர்பன் கடலுக்குப் போகும் சின்ன போட்டுக்கு எது சரி

ஐந்து மீட்டர் நீளம், பின்னால் அறுபது குதிரைத்திறன் எஞ்சின் இரண்டு. நானும் மச்சானும் சேர்ந்து வாங்கிய ஸ்கீ போட், அதாவது கரையிலிருந்து அலையைத் தாண்டி மீன்பிடிக்கப் போகும் சின்ன போட் இது. போட்டைத் தேர்ந்தெடுக்க எங்களுக்கு அதிக நேரம் பிடிக்கவில்லை. ஆனால் அதோடு வந்த டிரெய்லரின் இரும்புச் சட்டம் துருவில் உளுத்துப்போயிருந்தது. புது டிரெய்லர் எது என்பதில்தான் பேச்சு நீண்டது. கடைசியில் துரு பிடிக்காதபடி துத்தநாகக் குளியல் போட்ட, ஒற்றை அச்சு பிரேக்நெக் டிரெய்லரை, அதாவது நடுவில் கீல் வைத்துச் சாயும் டிரெய்லரை எடுத்தோம். நான் அதன் பக்கம் சாய்ந்துதான் எழுதுகிறேன்.

முதலில் எல்லாருக்கும் பொதுவான விஷயங்கள். போட், எஞ்சின்கள், நூறு லிட்டர் பெட்ரோல், மீன்பெட்டி, டிரெய்லரின் சொந்த எடை எல்லாம் சேர்ந்தால் இந்த அளவு போட் ஒரு டன்னைத் தாண்டிவிடும். தென்னாப்பிரிக்கச் சட்டப்படி டிரெய்லரின் மொத்த அனுமதி எடை 750 கிலோவுக்கு மேல் போனால் சாதாரண கோட் B உரிமம் போதாது, EB வேண்டும். அதே 750 கிலோவைத் தாண்டினால் டிரெய்லருக்கு ஓவர்ரன் பிரேக்கும் (முன்வண்டி வேகம் குறையும்போது டிரெய்லர் தள்ளும் விசையிலேயே பிடிக்கும் பிரேக்) கைப்பிரேக்கும் கட்டாயம். இதில் பேரம் பேச ஒன்றுமில்லை. பீட்டர்மாரிட்ஸ்பர்க் பக்கம் N3 நெடுஞ்சாலையின் டவுன் ஹில் இறக்கத்தில் பின்னால் ஒரு டன் தள்ளிக்கொண்டு வரும்போது, சட்டம் சொல்லாவிட்டாலும் பிரேக் வேண்டும் என்றுதான் தோன்றும்.

ஒற்றை அச்சா, இரட்டை அச்சா என்பதும் சீக்கிரம் முடிந்தது. இரட்டை அச்சு சாலையில் அசையாமல் வரும், ஒரு டயர் போனாலும் சமாளிக்கலாம். ஆனால் டர்பனின் சாட்ஸ்வர்த்தில் எங்கள் வீடு போல மேட்டுச்சரிவில் இருக்கும் முற்றத்தில் அதைக் கையால் திருப்ப முடியாது. இரண்டுக்குப் பதில் நான்கு சக்கரத்துக்கு பேரிங் பார்க்கவும் வேண்டும். ஆறு மீட்டருக்கு மேல் போட் வைத்திருப்பவர்கள் அதை எடுக்கட்டும்.

இனி முக்கியமான இரண்டுக்கும் வருவோம்.

சாதாரண டிரெய்லர் என்றால் வளையாத ஒரே சட்டம், அதன் மேல் ரோலர்களோ கம்பளம் சுற்றிய மரக்கட்டைகளோ. போட்டை இறக்க டிரெய்லரையே பின்னோக்கித் தண்ணீருக்குள் விட வேண்டும். போட் மிதக்கும் ஆழம் வரும் வரை சக்கரம், ஹப் (பேரிங் இருக்கும் சக்கர நடுப்பாகம்), பிரேக் டிரம் எல்லாம் முங்கும். விலை குறைவு, பாகங்கள் குறைவு, எடையும் குறைவு. கான்கிரீட் சாய்தளம் நன்றாக இருக்கும் இடத்தில் ஒரே ஆள் வேலையை முடித்துவிடலாம்.

பிரேக்நெக் நடுவில் கீல் வைத்தது. பக்கியில் (இழுத்துப் போகும் பிக்கப் வண்டியில்) மாட்டியபடியே பூட்டு ஊசியை உருவினால் முன்பக்கம் மேலெழுந்து பின்னுனி மணலைத் தொடும். வின்ச் வாரைத் தளர்த்தினால் போட் ரோலர் மேல் வழுக்கிக்கொண்டு ஈர மணலில் இறங்கிவிடும். அதை அலைக்குள் தள்ள ஆளோ டிராக்டரோ போதும். திரும்பும்போது போட்டை வேகமாகக் கரையேற்றி, டிரெய்லரைச் சாய்த்து வைத்து வின்ச்சால் இழுத்துக்கொள்ளலாம். சக்கரம் கடல்நீரைத் தொட வேண்டிய அவசியமே இல்லை.

நம் கரையோரத்துக்கு இது ஏன் தோதானது என்று வெளியூர்க்காரர்களுக்குப் புரியாமல் போகலாம். துறைமுகத்துக்குள்ளே சாய்தளம் உண்டு. ஆனால் டர்பன் வெட்ச்ஸ் கடற்கரையிலோ தெற்கே ராக்கி பேயிலோ மணலிலிருந்தே அலையைத் தாண்டிப் போகிறோம். 2002 ஜனவரியிலிருந்து கடற்கரையில் வண்டி ஓட்டுவதே தடை. அனுமதி பெற்ற இறக்குதளங்களில் மட்டும்தான் பக்கியும் டிரெய்லரும் மணலில் இறங்கலாம். ஜூன், ஜூலையில் சார்டின் மீன் கூட்டம் வரும்போது கரைவலை போடும் நம் குடும்பத்தார் ஒரு பக்கம், போட்காரர்கள் ஒரு பக்கம் என்று அந்தக் கொஞ்ச இடத்துக்கு நெரிசல். அந்த நேரத்தில் பக்கியின் பின்சக்கரம் வரை அலை அடிக்க நின்றுகொண்டு போட் மிதக்கட்டும் என்று காத்திருப்பது நல்லதல்ல. ஒரு பெரிய அலை வந்தால் டிரெய்லரோடு போட்டும் குறுக்கே திரும்பிவிடும்.

ஆனாலும் என்னை முடிவுக்குக் கொண்டுவந்தது இறக்கும் வசதி இல்லை. பராமரிப்புதான். அதிலும் ஹப்பும் பிரேக்கும்.

வீட்டிலிருந்து N2 நெடுஞ்சாலை வழியாகக் கடலுக்கு வந்து சேரும்போது ஹப் சூடாக இருக்கும். உள்ளே இருக்கும் காற்றும் விரிந்திருக்கும். அதை அப்படியே கடல்நீரில் முக்கினால் காற்று சட்டென்று சுருங்கும். அந்த வெற்றிடம் பின்பக்க சீல் வழியாகத் தண்ணீரை உள்ளே உறிஞ்சும். சீல் கொஞ்சம் தேய்ந்திருந்தாலே போதும். உப்புநீர் கிரீஸோடு கலந்து அங்கேயே தங்கும். அடுத்த வாரயிறுதி வரை வண்டி நின்றால், பேரிங்கின் உருளைகள் தொட்டுக்கொண்டிருக்கும் இடங்களில் சின்னச் சின்னக் குழிகளாகத் துரு அரித்துவிடும். அதன்பின் ஓட ஓடச் சூடேறும். கடைசியில் சக்கரம் இறுகி நிற்கும், அல்லது கழன்றே ஓடும். N2 ஓரத்தில் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கும் போட் டிரெய்லர்களைப் பார்த்திருப்பீர்கள். பெரும்பாலும் கதை இதுதான்.

பழைய டிரெய்லரைக் கழித்துக்கட்டும் முன் அதன் ஹப் மூடியைத் தட்டிக் கழற்றிப் பார்த்தேன். கிரீஸ் தேன் நிறத்தில் வழவழப்பாக இருக்க வேண்டும். அதில் இருந்தது பால் விட்ட காப்பி நிறத்தில், விரலில் ஒட்டாமல் நழுவியது. துடைத்த துணியில் பழுப்புத் தூள் நரநரத்தது. பேரிங்கை வெளியே எடுத்துக் கையில் சுற்றினால் ஒரு இடத்தில் தடுக்கி, அப்புறம் ஓடி, மறுபடி தடுக்கியது. பழைய டிரெய்லர் வாங்கப் போகிறவர்கள் விற்பவர் அனுமதியோடு இதைச் செய்து பார்க்கலாம். ஐந்து நிமிட வேலை.

ஸ்பிரிங் வைத்து கிரீஸை அழுத்திப் பிடிக்கும் ஹப் மூடிகள் கிடைக்கின்றன. அவை உதவும், மறுக்கவில்லை. ஆனால் அளவுக்கு மீறி கிரீஸ் அடித்தால் அதே அழுத்தம் பின் சீலைப் பிதுக்கித் தள்ளிவிடும், தண்ணீருக்கு வழி இன்னும் அகலமாகும். கரைக்கு வந்து அரைமணி நேரம் ஹப் ஆறட்டும் என்று நிற்பதும் நல்ல பழக்கம்தான். விடிகாலை அலை அடங்கியிருக்கும் நேரத்தைப் பிடிக்க ஓடுகிறவர்களில் எத்தனை பேர் நிற்பார்கள்?

பிரேக் கதை இதைவிட மோசம். டிரம்முக்குள் போன உப்புநீர் வெளியே வர வழி குறைவு. பிரேக் ஷூ டிரம்மோடு துருவால் ஒட்டிக்கொள்ளும், கேபிள் உறைக்குள்ளேயே இறுகும். கைப்பிரேக்கைப் போட்டு முற்றத்தில் நிறுத்திவிட்டால் அடுத்த முறை சக்கரம் சுற்றாமலே இழுபடும். 750 கிலோவைத் தாண்டிய டிரெய்லருக்குப் பிரேக் கட்டாயம். சாதாரண டிரெய்லர் என்றால் அந்தப் பிரேக்கை ஒவ்வொரு முறையும் கடலில் முக்க வேண்டும். இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் பிரேக்நெக்குக்குக் கூடுதலாகக் கொடுக்கும் காசு எதற்கு என்று எனக்குத் தெளிவானது.

அதற்காக பிரேக்நெக்கில் குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். கீல் என்பது தேயும் பாகம். அதன் புஷ்ஷுக்கு கிரீஸ் போடாமல் விட்டால் சாலையில் லொடலொடவென்று ஆடும், துளை முட்டை வடிவமாகிவிடும். பூட்டு ஊசியும் அதன் கிளிப்பும் கிளம்பும் முன் ஒவ்வொரு தடவையும் கையால் தொட்டுப் பார்க்க வேண்டியவை. ஓடும்போது அது திறந்தால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. சட்டத்தின் எடையும் கூடும், ஆகவே பக்கியின் இழுதிறனை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். சக்கரம் நனையாது என்றேன். நிதானமான நாளில் அது சரி. கடல் பொங்கும் நாளில் நுரை சக்கரம் வரை வரத்தான் செய்யும். வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவும் வேலையும் வருஷத்துக்கு ஒரு தடவை பேரிங்கைப் பிரித்து கிரீஸ் மாற்றும் வேலையும் இதிலும் உண்டு. வித்தியாசம் ஒன்றுதான். தெறித்த தண்ணீரைக் கழுவிவிடலாம். உறிஞ்சி உள்ளே போனதைக் கழுவ முடியாது.

எதை எடுத்தாலும் சட்டம் துத்தநாகக் குளியல் போட்டதாக இருக்கட்டும். வெல்டிங் எல்லாம் முடித்த பிறகு முழுச் சட்டத்தையும் உருகிய துத்தநாகத்தில், சுமார் 450 டிகிரியில், முக்கி எடுப்பதுதான் அது. பெட்டிக் குழாய்களில் அதற்கென்று துளைகள் விட்டிருப்பார்கள். அந்தத் துளை வழியே டார்ச் அடித்துப் பாருங்கள், உள்ளேயும் சாம்பல் வெள்ளை தெரிய வேண்டும். உள்ளே செம்பழுப்பாக இருந்து வெளியே மட்டும் பளபளத்தால் அது வெறும் ஸ்பிரே பெயின்ட். குழாய் உள்ளிருந்து உளுக்கும்போது வெளியே ஒன்றும் தெரியாது.

அலுமினியச் சட்டமும் இருக்கிறது. எடை குறைவு, துருவும் பிடிக்காது. ஆனால் அச்சு, ஸ்பிரிங், போல்ட் எல்லாம் இரும்புதானே. இரண்டு உலோகமும் உப்பும் சேரும் இடத்தில் அலுமினியம்தான் முதலில் அரிக்கும். நான் சொந்தமாக வைத்து ஓட்டியதில்லை. மணலில் டிராக்டர் முட்டித் தள்ளும் பிழைப்பை அது எப்படித் தாங்கும் என்பதைப் பல வருஷம் வைத்திருப்பவர்களிடம் கேளுங்கள்.

மச்சான் கடைசி வரை சாதாரண டிரெய்லர் பக்கம்தான். “பாதி நாள் மிட்மார் அணையிலதான இருக்கப் போறோம் மச்சான், அங்க உப்பு எங்க இருக்கு?” என்றார். அந்தப் பாதிக்கு அவர் சொன்னது முழுக்கச் சரி. ஹோவிக் பக்கம் நல்ல தண்ணீரில், சாய்தளத்தில் மட்டும் போட் இறக்குகிறவர்களுக்கு பிரேக்நெக் வீண் செலவு. மிச்சமாகும் காசில் நல்ல டயரும் உதிரிச் சக்கரமும் வாங்கலாம். “மீதிப் பாதிதானே மச்சான் டிரெய்லரைத் தின்னும்” என்றேன். அப்புறம் விலையைப் பற்றி மட்டும்தான் பேசினோம்.

விற்கும் நேரத்திலும் இதே கணக்குதான். கரையோரத்தில் பழைய ஸ்கீ போட் பார்க்க வருகிறவர் எஞ்சின் ஓடிய மணியைக் கேட்பார், அடுத்து குனிந்து டிரெய்லருக்கு அடியில்தான் பார்ப்பார். நல்ல பிரேக்நெக் இருந்தால் போட் சீக்கிரம் கைமாறும். உள்நாட்டு அணைப் பக்கத்துக்காரருக்கு விற்றால் கூடுதல் விலை எதிர்பார்க்காதீர்கள். கைமாறும்போது டிரெய்லருக்கும் சாலைத்தகுதிச் சான்று எடுத்தாக வேண்டும். அதனால் பழையதை வாங்குகிறவர் முன்சட்டத்தில் பொறித்திருக்கும் எண்ணைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, பதிவுத்தாளில் இருக்கும் எண்ணோடு ஒவ்வொரு எழுத்தாக ஒத்துப் பார்த்துவிட்டே பணம் கொடுக்கட்டும். துரு தின்று பாதி எழுத்து போயிருந்தால், டிரெய்லர் எவ்வளவு நன்றாக இருந்தாலும் பெயர் மாற்றம் முடியும் வரை முழுப் பணத்தையும் கொடுக்க வேண்டாம்.