மெட்டாகுலஸின் பியர் ஸ்கோர்: கேள்விக்கு நியாயம், களத்துக்கு இன்னும் இல்லை

ஒரு விஷயம் நடக்க எத்தனை சதவீத வாய்ப்பு என்று சொல்லும் கணிப்புப் போட்டிகள் நாலைந்தில் ஒரே நேரத்தில் கலந்துகொள்பவன் நான். எதில் நன்றாகச் செய்கிறேன் என்று தெரிந்துகொள்ள ஆசை. ஆனால் ஒரு போட்டியின் ஸ்கோரை இன்னொன்றின் பக்கத்தில் வைத்தால் கணக்கு இடிக்கும். 1950-இல் கிளென் பிரையர் வானிலைக் கணிப்புக்காகத் தந்த பிரையர் ஸ்கோரில் இந்தச் சிக்கல் அப்பட்டமாகத் தெரியும். 97% என்று சொல்லி அது நடந்தால் தவறு 0.0009, இழுபறியான கேள்வியில் 60% சொல்லி அது நடந்தால் 0.16. சுலபமான கேள்விகளாக அடுக்கிய போட்டியில் எல்லோருமே மேதைகள்தான்.

மெட்டாகுலஸ் என்ற இணையக் கணிப்புத் தளம் 2023-இல் கொண்டுவந்த பியர் ஸ்கோர் இங்கேதான் எனக்குப் பிடித்துப்போனது. மற்றவர்கள் என்ன சொன்னார்கள் என்பதோடு ஒப்பிட்டுத்தான் மதிப்பெண். எல்லோரும் 97% சொன்ன கேள்வியில் நானும் 97% சொன்னால் எனக்குப் பூஜ்யம். மற்றவர்கள் 40% சொன்னபோது நான் 60% சொல்லி, அது நடந்தும்விட்டால் சுமார் 40.5. நடக்காமல் போனால் அதே 40.5 கழியும். மற்றவர்களைப் பார்க்காமல், 50% என்று சொல்வதோடு மட்டும் ஒப்பிடும் அதே தளத்தின் பேஸ்லைன் ஸ்கோரில், இரண்டும் நடந்திருந்தால், முதல் கேள்விக்குச் சுமார் 96, இரண்டாவதற்கு வெறும் 26! உழைப்பு எதில் இருந்தது என்பது கேள்விகளைப் பார்த்தாலே தெரியும். பியர் ஸ்கோர் அதைச் சரியாகப் பிடிக்கிறது.

காலக் கணக்கும் நேர்மையானது. கேள்வி திறந்திருக்கும் காலம் முழுவதற்கும் சராசரி எடுக்கிறார்கள். கடைசிப் பத்தில் ஒரு பங்கு நேரத்தில் வந்து சேர்ந்தால் ஸ்கோரும் ஏறக்குறைய அந்த அளவுக்குச் சுருங்கும். நான் விளையாடிய வேறொரு போட்டியில், முடிவு கிட்டத்தட்ட தெரிந்த பிறகு வந்து 99% போட்டவர்கள் பட்டியலின் உச்சியில் இருந்தார்கள். முதல் நாளிலிருந்து கணித்தவர்களுக்கு அது பெரிய அநியாயம்.

சரி, குறை? எதிரே யார் விளையாடுகிறார்கள் என்பதை இந்த ஸ்கோர் பார்ப்பதில்லை. ஒரே கேள்வி இரண்டு போட்டிகளில் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டிலும் என் கணிப்பு 60%, அது நடக்கிறது. புதியவர்கள் நிறைந்த களத்தில் மற்றவர்கள் 40% சொல்லியிருந்தால் எனக்கு 40.5. தேர்ந்தவர்கள் 55% சொன்ன களத்தில் 8.7 மட்டுமே. என் திறமையில் எந்த மாற்றமும் இல்லை. சதுரங்கத்தில் தங்களுக்குள்ளேயே ஆடும் இரண்டு குழுக்களின் ரேட்டிங்கை நேராக ஒப்பிட முடியாதல்லவா, அதே கதைதான். அதனால் ஒரு போட்டிக்குள் யார் முந்துகிறார் என்று பார்க்க பியர் ஸ்கோரை தாராளமாக நம்பலாம். இரண்டு போட்டிகளின் சராசரி பியர் ஸ்கோரை நேருக்கு நேர் வைத்து யாரையும் எடைபோட வேண்டாம்.

நான் செய்வது இது: இரண்டு போட்டிகளிலும் கலந்துகொண்டவர்களை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். அவர்களின் சராசரி ஒன்றில் 15, மற்றதில் 5 என்றால், இரண்டாவது களம் பத்துப் புள்ளி கடினம் என்று வைத்து மற்றவர்களின் ஸ்கோரைத் திருத்துகிறேன். இரண்டிலும் பொதுவான ஆட்கள் நிறைய இருந்தால்தான் இது நிற்கும். மூன்று நாலு பேரை வைத்துச் செய்தால் அதிர்ஷ்டத்தைத்தான் அளக்கிறோம். இந்தத் திருத்தத்தைத் தளமே போட்டிப் பட்டியலின் பக்கத்தில் காட்ட வேண்டும் என்பது என் கோரிக்கை. அதுவரை என் மதிப்பீடு ஐந்துக்கு நான்கு.